இடது இறக்கையில் உதிர்ந்த பற்கள்

எஞ்சின் நடுவானில் நின்ற கதையைச் சொல்லுங்கள், சக்கரம் கழன்ற கதையைச் சொல்லுங்கள் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அவை அறிக்கைகளாக அலமாரியில் இருக்கின்றன, எடுத்துப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப் போவது எந்த அறிக்கையிலும் வராத ஒரு காலை. அன்று யாருக்கும் சின்னக் கீறல்கூட விழவில்லை. ஒரே ஒருவருக்கு விரலில் ரத்தம் வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் முப்பத்தாறு வருஷ வேலையில் நான் அதைப் போல் வேறெப்போதும் வெலவெலத்துப் போனதில்லை.

நாற்பதுகளின் கடைசி. சுதந்திரம் வந்து அதிக நாள் ஆகவில்லை. நான் மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பு எஞ்சினியர். கையெழுத்துப் போடும் உரிமம் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வீடு சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில். பெயர் சவரிமுத்து. விமானங்கள் நிற்கும் ஹாங்கரில் எல்லாருக்கும் சவரி.

தி.நகரில் ஒரு டாக்டரம்மா பிரசவ ஆஸ்பத்திரி நடத்திவந்தார். முந்தைய வருஷம் அடித்த புயலில் தெற்கே ஒரு கடலோர கிராமத்துக்கு மருந்தோடு கிளம்பியவர், பாதை அறுந்துபோனதால் மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். போனபோது மருந்துக்கு அங்கே வேலை மிச்சமில்லை. திரும்பி வந்தவர், போர் முடிந்து ஏலத்துக்கு வந்திருந்த ஒரு சின்ன விமானத்தை வாங்கிவிட்டார். பீரங்கிப் படைக்கு வேவு பார்க்கக் கட்டப்பட்ட விமானம் அது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். குட்டை மைதானத்தில் எழும்பும், குட்டை மைதானத்தில் இறங்கும். டாக்டரம்மாவுக்கு அதுவும் போதவில்லை.

“கடற்கரையில ஈர மணல் ஒரு துண்டுதான் இருக்கும். அதுல இறங்கணும். முடியுமா, முடியாதா?” என்று கேட்டார்.

அதற்குப் பதிலாகத்தான் அந்தத் தகடுகளைச் செய்தேன். இன்று நீங்கள் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் என்று பெட்டியில் வாங்கி, வரைபடம் பார்த்து ஒட்டுகிறீர்கள். அன்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த ஒன்றரைப் பக்கக் கட்டுரையும் ஒரு மங்கலான படமும்தான் என்னிடம் இருந்தன. விஷயம் எளிது. விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கையின் மேல்பக்கம் ஓடும் காற்று களைத்துப் போய் இறக்கையை விட்டு விலகிவிடும். அந்த நொடியே விமானம் விழும். இறக்கையின் முன்பகுதியில் கட்டைவிரல் நகம் உயரத்துக்குச் சின்னத் தகடுகளைச் சாய்த்து நிறுத்தினால், ஒவ்வொன்றும் காற்றைச் சுழற்றி, மேலே ஓடும் புதுக்காற்றைக் கீழே இழுத்துக் கொடுக்கும். காற்று இன்னும் கொஞ்ச நேரம் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் இன்னும் மெதுவாகப் பறக்கலாம், இன்னும் குட்டையாக இறங்கலாம்.

அலுமினியத் தகட்டை வெட்டி, மடித்து, பக்கத்துக்கு இருபத்திரண்டாக ஒட்டினேன். மூத்த ஃபிட்டர் ஏழுமலைதான் எனக்குத் துணை. அவர் அதற்கு வைத்த பெயர் பல்லு.

“இன்னா நைனா, கெழவனுக்குப் பல்லு கட்றா மாதிரி கட்டிக்கினு கீறே” என்று சிரித்தார்.

திருகாணி போட்டால் இறக்கையின் மெல்லிய மரப்பலகையில் துளை விழும் என்று பசையால் ஒட்டினேன். அது என் முடிவு. மற்றபடி செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தோம். சோதனைப் பறப்புக்கு அனுமதி வாங்கினோம். மைலாப்பூர்க்காரர் ரகு, போரில் விமானம் ஓட்டி வந்தவர், டாக்டரம்மாவின் விமானி. நாலாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் சோதித்தார். இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஓய் சவரி! காத்துல நிக்கறது ஓய்! பழைய வேகத்துக்கு எவ்வளவோ கீழ போயாச்சு, இன்னும் விழமாட்டேங்கறது. ஒண்ணே ஒண்ணு. முன்னெல்லாம் விழறதுக்கு முன்னாடி விமானம் உடம்பெல்லாம் நடுங்கும். இப்போ அந்த நடுக்கமே காணோம்.”

நல்லதுதானே என்றேன். எத்தனை முட்டாள்தனமான பதில் என்று பிறகு தெரிந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அடையாறுக்குத் தெற்கே கடற்கரையில் இறங்கிக் காட்டுவது என்று ஏற்பாடாயிற்று. அப்போது கடல் உள்வாங்கியிருக்கும், ஈர மணல் கெட்டியாக இருக்கும். அதிகாரிகள் சிலர் பார்க்க வருகிறார்கள். சரியாக நடந்தால் அடுத்த புயலுக்கு இந்த விமானத்தைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கும்.

அன்று காலை முதல் பூசை முடித்து, சைக்கிளை மிதித்து மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோதே தாமதம். ஹாங்கரில் இடமில்லாததால் அந்த விமானம் இரவெல்லாம் வெளியே நின்றிருந்தது. இறக்கைகளின் மேல் தார்பாலின் உறை போட்டுக் கட்டியிருந்தோம். மார்கழிப் பனியில் நனைந்து உறை இரும்பாய்க் கனத்தது. ரகு கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏணி எட்தாரட்டா?” என்று ஏழுமலை கேட்டார்.

“வேணாம் ஏழுமலை, நேரமாச்சு” என்றேன்.

வலது பக்க உறையை ஏழுமலை பெட்டி ஒன்றின் மேல் ஏறி, கயிற்றை அவிழ்த்து, மடித்து மடித்து எடுத்தார். இடது பக்கத்தை நான் தரையில் நின்றபடி நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். எங்கோ மாட்டியது. இன்னும் பலமாக இழுத்தேன். வந்துவிட்டது. தலைக்கு மேலே இருக்கும் இறக்கையின் மேல்பக்கம் தரையிலிருந்து தெரியாது. மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். நீளமான ஓடுபாதை, வழக்கமான வேகம். ரகுவையும் டாக்டரம்மாவையும் ஏற்றிக்கொண்டு விமானம் ஒரு குறையும் காட்டாமல் எழும்பிப் போயிற்று. மைலாப்பூரையும் மாம்பலத்தையும் சுற்றிவிட்டு, ஒன்பது மணிக்குக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். அதற்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

நான் கை கழுவப் போனேன். பின்னால் ஏழுமலை “ஆ!” என்று கத்தினார். தேள் கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். உறையை மடித்துக்கொண்டிருந்தவர் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மறு கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு பல் இருந்தது. அடியில் பசை அப்படியே, மெல்லிய மரத்தூளோடு.

இருவரும் உறையை விரித்து உதறினோம். தரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. சிமெண்டுத் தரையில் அந்தச் சத்தம் காசு விழுவதைப் போலத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. பதினான்கு.

“நைனா... இது லெப்ட் சைடு கவரு” என்றார் ஏழுமலை.

எனக்குத் தெரியும். இழுத்தது நான்.

உடம்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் நடக்கும். முதலில் கை கால் ஜில்லிட்டுப் போயிற்று. பிறகு வாயில் தகரத்தின் ருசி. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு பத்து நொடி என் மூளை எனக்கு வக்கீலாக மாறியது. ரகு கெட்டிக்காரர், சமாளித்துவிடுவார். பதினான்குதானே போயிருக்கிறது. பல்லே இல்லாமலும் இது பறந்த விமானம்தானே. இப்படி ஒவ்வொரு வாதமாக எடுத்து வைத்தது. கடைசி வாதத்தில்தான் அதற்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் பல் இல்லாவிட்டால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால்? ரகு புதிய வேகத்தை நம்பி மெதுவாக இறங்குவார். வலது இறக்கை தாங்கும். இடது இறக்கை தாங்காது. தென்னைமர உயரத்தில் விமானம் இடது பக்கமாகப் புரளும்.

அந்த விமானத்தில் ரேடியோ கிடையாது.

பயிற்சி தரும் தலைமை விமானியிடம் ஓடினேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றி யாரும் பேசுவது அவருக்கு ஆகாது. மாணவர் ஒருவருக்காக டைகர் மாத் ஒன்று, அந்த இரண்டடுக்கு இறக்கைப் பயிற்சி விமானம், வெளியே தயாராக நின்றது. அவர் அதன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் உளறியதை முழுவதும் கேட்டார். திட்டவில்லை. டீயை மட்டும் தரையில் ஊற்றிவிட்டார்.

“லாரியில கடற்கரைக்குப் போகலாம் சார்” என்றேன்.

“சைதாப்பேட்டை சுத்தி அடையாறு போறதுக்குள்ள அவன் இறங்கியிருப்பான். போனாலும் என்ன செய்வே? துணியை ஆட்டுவியா? அங்க எல்லாரும் துணியை ஆட்டிக்கிட்டுதான் நிப்பாங்க.”

“துப்பாக்கியால சிவப்பு வெளிச்சம் சுட்டா?”

“மணல்ல ஏதோ கிடக்குதுன்னு நினைச்சு, என்னன்னு பார்க்க இன்னும் மெதுவா, இன்னும் தாழ்வா ஒரு சுத்து வருவான். அதுலயே போயிடுவான். நேரா அவன் பக்கத்துல போய் எழுதிக் காட்டணும். பலகை ஒண்ணு எடு.”

மரப்பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, இறக்கைக்குப் பூசும் சிவப்புச் சாயத்தைத் தொட்டு எழுதத் தொடங்கினேன். ‘இடது இறக்கையில் தகடுகள் கழன்று’ என்பதுவரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவர் பலகையைப் பிடுங்கித் திருப்பினார்.

“என்ன ஆச்சுன்னு அப்புறம் பேசிக்கலாம். அவன் என்ன செய்யணும்? அதை மட்டும் எழுது. அஞ்சு வார்த்தைக்கு மேல போகாதே.”

பலகையின் மறுபக்கம் காலியாக என்னைப் பார்த்தது. ஐந்து வார்த்தை. உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. என் குற்றத்தை விளக்காமல், மன்னிப்புக் கேட்காமல், அவருடைய கை செய்ய வேண்டிய வேலையை மட்டும் எழுதுவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. கடற்கரை வேண்டாம். திரும்பு. வேகமாக இறங்கு. இதைப் பெரிய பெரிய ஆங்கில எழுத்தில் எழுதினேன். ஏழுமலை பலகையில் துளை போட்டு, கயிறு கோத்து என் மணிக்கட்டில் கட்டினார். காற்றில் கை நழுவி வாலில் அடித்தால் நாங்களும் போய்ச் சேர வேண்டியதுதான்.

விரலில் கந்தல் சுற்றியிருந்த அதே கையால் ஏழுமலை புரொப்பெல்லரைச் சுற்றிவிட்டார். என் முகத்தைப் பார்த்து, “போய்க்கினே இரு நைனா. கீழ பாக்காத” என்றார்.

முன் இருக்கையில் நான், பின்னால் அவர். கிண்டிக் காட்டைத் தாண்டினோம். அடையாறு வெள்ளித் தகடு மாதிரி கீழே விரிந்தது. எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. வானத்தை மட்டும் துழாவினேன். மைலாப்பூர்க் குளத்துக்கு மேலே அவர்களைக் கண்டோம். டாக்டரம்மாவுக்குக் கோபுரத்தைக் காட்டிக்கொண்டு ரகு நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் உயரத்திலிருந்து வந்ததால் அந்த விமானத்தின் மேல்பக்கம் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

பதினான்கு என்று எண்ணியிருந்தேன் அல்லவா? வலது இறக்கையில் இருபத்திரண்டும் வரிசை கலையாமல் நின்றன. இடது இறக்கையில், விமானத்தின் உடம்பை ஒட்டி மூன்று. அதற்கப்பால் நுனிவரைக்கும் ஒன்றுமே இல்லை. உறையில் சிக்காதவை ஓடுபாதையிலோ வானத்திலோ உதிர்ந்திருந்தன. பசை பிய்ந்த தடங்கள் வெள்ளை வெள்ளையாக, தோல் உரிந்த காயம் போல இருந்தன. இறக்கையின் நுனிதான் கடைசிவரை தாங்க வேண்டிய இடம். அதுதான் மொட்டையாக இருந்தது.

ரகு எங்களைப் பார்த்துவிட்டார். கையை ஆட்டினார். டாக்டரம்மா கைக்குட்டையை ஆட்டினார். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பலகையைத் தூக்கிவிட்டேன்.

இன்னும் தூரம் அதிகம். எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது. படிப்பதற்காக ரகு என்ன செய்தார் தெரியுமா? வேகத்தைக் குறைத்தார். எங்கள் பக்கத்தில் அந்தரத்தில் நிற்பவர் போல மூக்கைத் தூக்கினார். பல் வைத்ததிலிருந்து அவருக்கு அந்த வித்தையில் தனிப் பெருமை. அதற்குள் தெற்கே வந்திருந்தோம். கீழே அடையாற்றின் முகத்துவாரம், அறுநூறு எழுநூறு அடிக்கு மேல் இராது. நான் “வேண்டாம்! வேண்டாம்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருடைய இடது இறக்கை ஒருமுறை தொங்கி நிமிர்ந்தது.

காப்பாற்றக் கொண்டுபோன பலகைதான் அவரைக் கொல்லப் பார்த்தது.

பேசுகுழாய் வழியாகப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமே போடாத குரல். “பலகையைக் கீழே வை.”

வைத்தேன். அடுத்த நொடி எங்கள் விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு விலகி ஓடியது. அவர்களை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ரகுவும் மூக்கைக் கவிழ்த்து எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருக்கிறார். துரத்துகிறவன் மெதுவாகப் போக முடியாதே! கடலை நோக்கி, பிறகு வடக்கே, எங்கள் சாந்தோம் கோயில் கோபுரத்தைத் தாண்டி, முழு வேகத்தில் இரண்டு விமானமும் ஓடின. அவர் எங்களை எட்டிப் பிடித்துப் பக்கத்தில், ஐம்பது கஜ தூரத்தில், நல்ல வேகத்தில் வந்தபோதுதான் பின்னாலிருந்து, “இப்போ காட்டு” என்று வந்தது.

முதலில் படித்தது டாக்டரம்மா. சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. ரகுவின் தோளைத் தட்டினார். ரகு எட்டிப் பார்த்தார், ஒருமுறை, இன்னொருமுறை. நான் பலகையை வைத்துவிட்டு என் இடது கையை நீட்டி, வலது கையால் அதைத் துடைத்து வழித்துக் காட்டினேன். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, தெரியாது. கேள்வி கேட்கிற பாவனையில் தலையை ஆட்டவில்லை. கையை ஒருமுறை உயர்த்திவிட்டு, கரையோரமாகத் தெற்கே திரும்பி மீனம்பாக்கம் நோக்கிப் போனார். கடற்கரையைத் தாண்டும்போது கீழே மணலில் எறும்புக் கூட்டமாய் ஜனம். துணிகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேகமாக இறங்கி, ஓடுபாதையின் முக்கால்வாசியைத் தின்றுவிட்டுத்தான் ரகு நிறுத்தினார். நாங்கள் இறங்கியபோது டாக்டரம்மா வெளியே வந்து நின்றிருந்தார். கடற்கரையில் அதிகாரிகள் காத்திருக்கிறார்கள், எல்லாம் பாழாயிற்று என்ற கோபம் முகத்தில் தெரிந்தது.

“யார் எழுதினது அது?”

“நான்தாம்மா. கவரை இழுத்ததும் நான்தான். ஏணி வேணாம்னு சொன்னதும் நான்தான்” என்றேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். ஏழுமலை பதினான்கு பல்லையும் ஒரு தட்டில் கொண்டுவந்து காட்டினார்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி நாங்க பஞ்சை எண்ணுவோம். எத்தனை உள்ள போச்சு, எத்தனை வெளியே வந்ததுன்னு. எவ்வளவு அவசரமானாலும் எண்ணுவோம். நீங்க எண்ண மாட்டீங்களா?”

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த எந்தத் தண்டனையும் இதற்கு ஈடாகாது. ஒரு மாதம் கையெழுத்து உரிமையை நிறுத்தி வைத்தார்கள், அது நியாயம். அது வலிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருக்கலாம். ரகு விடவில்லை. மறுநாள் காலையில் வந்து நின்றார்.

“ஒரு தடவை லேசா இடது பக்கம் தொங்கித்து ஓய். காத்துன்னு நெனச்சேன். அங்க இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாம என்னால ஆத்துல ஒரு வாய் சாப்பிட முடியல. அப்படியே மேல கொண்டுபோய்ப் பார்க்கப் போறேன். பல்லை ஒட்ட வேண்டாம். நீரும் வாரும்.”

பாராசூட் கட்டிக்கொண்டு ஏறினோம். ஐயாயிரம் அடி. பல்லாவரம் குன்றுகள் கீழே கூழாங்கல்லாய்க் கிடந்தன. ரகு எஞ்சினை அடக்கி, மூக்கைச் சிறிது சிறிதாகத் தூக்கினார். எல்லாம் அமைதியானது. நடுக்கம் இல்லை, குலுக்கல் இல்லை. காற்றின் ஓசைகூடத் தேய்ந்து தேய்ந்து, தூளியில் படுத்திருப்பது போல அத்தனை சுகமாக இருந்தது. ஒன்றும் ஆகாது போலிருக்கிறதே, வீணாகப் பயந்துவிட்டோமோ என்று ரகுவைத் திரும்பிப் பார்த்தேன்.

இடது பக்கம் பூமி இல்லாமல் போயிற்று.

அதற்கு மேல் எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. வானம் என் காலடியில் இருந்தது. குன்றுகள் தலைக்கு மேலே இருந்தன. என் பென்சில் சட்டைப்பையிலிருந்து எழும்பி முகத்துக்கு முன்னால் மிதந்தது. ரகுவின் இரண்டு கையும் அசையாமல் விமானத்தை ஓட்டும் கம்பைப் பிடித்திருந்தன. பிறகு பெரும் இரைச்சல், பெரும் பாரம், பிறகு மறுபடியும் நேரான வானம். உயரமானியைப் பார்த்தேன். எண்ணூறு அடி குறைந்திருந்தது.

கீழே இறங்கினோம். எஞ்சினை நிறுத்தியபின் அவர் கேட்டார்: “கடற்கரையில நான் எவ்வளவு ஒசரத்துல இருந்திருப்பேன்?”

“முப்பது அடி. நாப்பது அடி.”

தலையை ஆட்டினார். எட்டு மாதம் பர்மாவில் குண்டுகளுக்கு நடுவே பறந்த மனிதர், கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

பல்லை மறுபடி வைத்தோம், இந்த முறை திருகாணியால். நடுக்கம் போய்விட்டதால், விழுவதற்கு முன்பே எச்சரிக்கக் காற்றில் ஊதும் ஒரு சின்ன நாக்கையும் இறக்கையின் ஓரத்தில் பொருத்தினோம். உறைக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தோம். இரண்டு மாதம் கழித்து ரகு அதே கடற்கரையில் இறங்கிக் காட்டினார். அடுத்த புயலில் டாக்டரம்மா மறுநாளே போய்ச் சேர்ந்தார். அவையெல்லாம் நல்ல கதைகள், வேறு யாரையாவது கேட்டால் சொல்வார்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று இருக்கிறது. மேலே போய்ப் புரண்டு வந்த அன்று சாயங்காலம் நானும் ஏழுமலையும் உறையைத் தைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்: “மேல இன்னா ஆச்சு நைனா?”

சொன்னேன். கையால் காட்டினேன். வடக்கே பார்த்து இறங்கும் விமானம் இடது பக்கம் புரண்டால், கடல் பக்கம் போகாது, மணல்மேட்டுப் பக்கம்தான் போகும் என்றேன்.

ஏழுமலை தையலை நிறுத்திவிட்டார்.

“மேட்டுலதான் நின்னுக்கினு இருந்தாங்க” என்றார்.

“யாரு?”

“எம் பொண்டாட்டி. பசங்கோ மூணு பேரு. எங்கம்மா. நான் வேல செஞ்ச ஏரோப்ளேன் வருதுன்னு காலங்காத்தால போய் எடம் புட்ச்சிக்கினாங்க.”

அவர் வீடு ஊரூர் குப்பத்தில். அந்தக் கடற்கரைக்கு இருநூறு அடி. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். அன்று காலை ஒரு நொடிகூட அது என் நினைவுக்கு வரவில்லை. உறையை உதறியபோதும், பலகையில் துளை போட்டபோதும், புரொப்பெல்லரைச் சுற்றியபோதும் அவர் நினைவில் அதைத் தவிர வேறென்ன இருந்திருக்கும்?

“ஏன் ஏழுமலை... அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. இவ்வளவுகூட விளங்கவில்லையா என்கிற ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது.

“சொல்லியிருந்தா உன்னால அந்தப் பலகையில எழுதியிருக்க முடியுமா நைனா? அப்பவே உன் கை ஆடிக்கினு இருந்துச்சு.”

நூலை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்த தையலுக்குத் துணியை விரித்தார்.